கலாபவன் மணிக்கு ஒரு பூசை

2016 மார்ச் 6 தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. லத்தீன் ரீத்துக் கோவில்களில் அன்று வாசித்த நற்செய்தி, ஊதாரி மைந்தன் உவமை. அன்று மாலை கொச்சி அமிர்தா மருத்துவமனையில் கலாபவன் மணி இறந்துபோனார். வயது 45.

தமிழ் வாசகர்களுக்கு அவரைத் தெரியும். ‘ஜெமினி’யில் மிருகங்களின் குரலில் கத்தி மிரட்டிய தேஜா. ‘பாபநாசம்’ படத்தில் வயிற்றெரிச்சல் வரவழைத்த போலீஸ்காரர் பெருமாள். அந்தப் படம் வெளிவந்து எட்டே மாதத்தில் ஆள் இல்லை.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தாத்தா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து வந்த குடும்பம். மறுநாள் சரக்கு இறக்கவந்த ஆட்கள் மணியின் நாட்டுப் பாட்டைச் செல்போனில் சத்தமாக வைத்துவிட்டுப் பேச்சில்லாமல் மூட்டை சுமந்தார்கள். சாலக்குடியில் ஆட்டோ ஓட்டி, கூலி வேலை பார்த்து மேலே வந்தவர் மணி. பணம் வந்த பிறகும் அதை மறைத்ததில்லை. தலித் வீட்டுப் பாட்டை மேடைக்கும் கேசட்டுக்கும் கொண்டுவந்து கேரளம் முழுக்கப் பாட வைத்தார். சுமைக்காரர்கள் தங்கள் வீட்டு ஆளுக்காகத்தான் அழுதார்கள்.

அந்த வாரமே ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “பேரும் புகழும் வந்தால் மனிதன் கடவுளை மறக்கிறான், குடிக்கிறான், இதுதான் கூலி” என்றார். பலர் ஆமென் சொன்னார்கள். எனக்கு அன்றும் அது பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை. மணியின் சாவில் சந்தேகம் கிளம்பி, சிபிஐ விசாரித்து, கல்லீரல் நோய்தான் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. அது வைத்தியர் சொல்ல வேண்டிய காரணம். பிரசங்கத்துக்கு அதில் வேலையில்லை.

இத்தனைக்கும் முந்தைய ஞாயிறு, பிப்ரவரி 28 அன்று, கோவிலில் என்ன வாசித்தார்கள்? சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்த செய்தி. எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்கிறார். கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனம் திரும்புங்கள் என்கிறார். ஒரு வாரம்கூட அது நம் காதில் தங்கவில்லை.

இதில் கத்தோலிக்கர்களுக்குத் தனிக் கடமை உண்டு என்பேன். மணியின் பேரில் பாதி நாம் கொடுத்தது. 1969இல் ஆபேலச்சன் என்ற சி.எம்.ஐ. குருவானவர் கொச்சியில் தொடங்கியதுதான் கலாபவன். கிறிஸ்தவப் பாடல்களுக்காக ஆரம்பித்து, சாதி மதம் பாராமல் பாட்டுக்காரனையும் மிமிக்ரிக்காரனையும் சேர்த்து ஆளாக்கிய இடம். அங்கிருந்து போனவர்களில் சைனுதீன் 1999இல் போய்ச்சேர்ந்தார். வயது ஐம்பதைத் தொடவில்லை. நவாஸ் 2025 ஆகஸ்டில், படப்பிடிப்புக்காகத் தங்கிய ஓட்டல் அறையில். ஒவ்வொரு சாவுக்கும் காரணம் வேறு. ஆனால் இரவெல்லாம் மேடை, விடியவிடியப் பயணம், நேரம் தவறிய சோறு என்பதுதான் இந்தக் கலைஞர்களின் பிழைப்பு. அது நமக்குத் தெரியும். தெரிந்தும் “இன்னும் ஒரு பாட்டு” என்று கேட்கிறோம்.

மட்டாஞ்சேரி இதை முன்பே பார்த்தது. 1954இல் வந்த ‘நீலக்குயில்’ படத்தில் பாடிய மெஹபூப் எங்கள் ஆள். கல்யாண வீட்டில் யார் கூப்பிட்டாலும் போய்ப் பாடுவார். தனிக்கட்டையாக வாழ்ந்து 1981இல் இறந்தார். மெஹபூப் பாய் என்று சொன்னாலே இங்கே பெரியவர்களுக்குக் கண் கலங்கும். இருந்தபோது அவர் கையில் என்ன வைத்தோம் என்று கேட்டால் பதில் வராது.

மாற்கு நற்செய்தியில் ஓர் இடம். கூட்டம் வருவதும் போவதுமாக இருந்ததால் சீடர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. இயேசு அவர்களைத் தனிமையான இடத்துக்குக் கூப்பிட்டுச் சற்று ஓய்வெடுக்கச் சொல்கிறார். யோவானில், கூட்டம் தம்மை அரசனாக்கப் பிடிக்க வருகிறது என்று தெரிந்ததும் தனியே மலைக்குப் போய்விடுகிறார். புகழை எப்படிக் கையாள்வது என்பதற்கு இதைவிட நேரான பாடம் கிடையாது. ஆனால் அவரைப்போல எழுந்து போக நம் கலைஞர்களை நாம் விடுவதில்லை. போனால் தலைக்கனம் என்கிறோம். மணி வீட்டுக்கு யாரும் எந்நேரமும் போகலாம் என்று பெருமையாகச் சொல்லுவோம். எந்நேரமும் திறந்திருக்கும் வீட்டில் அந்த மனிதன் எப்போது தூங்குவான்?

நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள் பூசைக்கு வீட்டுப் பெயர்களோடு மணியின் பெயரையும் எழுதிக் கொடுக்கிறேன். அவர் நம் வேதமா என்று கேட்டவர்கள் உண்டு. கத்தோலிக்கர் அல்லாதவருக்காகவும் மன்றாடத் திருச்சபையில் தடையில்லை.

உயிரோடு இருப்பவர்களுக்கும் செய்ய வேண்டியது இருக்கிறது. இந்த வருடத் திருநாள் கமிட்டியில் சில காரியங்கள் கேட்கப் போகிறேன். கானமேளாவுக்கு வருகிறவர் இறங்கியதும் முதலில் சோறு, பிறகுதான் மைக். செல்ஃபிக்காக யாரும் அணியறைக்குள் நுழையக் கூடாது. மதுப் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்து உபசரிப்பது அடியோடு நிற்க வேண்டும். பேசிய பணத்தை மேடை ஏறுவதற்கு முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். நிகழ்ச்சி பத்து மணிக்கு முடிய வேண்டும். ஓட்டிவந்த டிரைவர் தூங்கவும் ஒரு பாய் போட வேண்டும்.