கேளிக்கை வரி மட்டுமா கெடுத்தது?

கோவை காந்திபுரம் டீக்கடையில் ஃபார்முலா ஒன் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கும்: "ஜேபி குழுமம் துணிந்து ஓடுதளம் கட்டியது, அரசுதான் வரி போட்டுக் கெடுத்தது."

பாதி உண்மை. பந்தயத்தை விளையாட்டாக ஏற்காமல் கேளிக்கையாகவே உத்தரப்பிரதேச அரசு பார்த்தது. ஆனால் கட்டுவதற்கு முன்பே கணக்குப் போட வேண்டியது யார் வேலை? கிரேட்டர் நொய்டாவின் புத்த சர்வதேச ஓடுதளத்தில் 2011, 2012, 2013 என மூன்றே முறை பந்தயம் நடந்தது. ஒப்பந்தமோ ஐந்தாண்டுக்கு. 2014-ல் இல்லை, 2015-ல் உண்டு என்றார்கள்.

வரவேயில்லை.

முதல் பந்தயத்தில் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் 17-ஆவதாக வந்தார். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் வெயிலில் நின்று பழகிய ஊருக்கு அந்தப் பதினேழே போதுமானதாக இருந்தது. அந்த ஆசையைத்தான் பாதியில் விட்டார்கள்.

சரி, வரிதான் வில்லன் என்றே வைத்துக்கொள்வோம். வீடுகளுக்கு என்ன ஆயிற்று? அதே குழுமத்தின் ஜேபி இன்ஃப்ராடெக்கிடம் நொய்டாவில் வீட்டுக்குப் பணம் கட்டிய 20,000-க்கும் மேற்பட்டோர் சாவிக்காகக் காத்துக் கிடந்தார்கள். 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. அடுத்த மாதமே, தாய் நிறுவனம் 2,000 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அங்கே எந்தக் கேளிக்கை வரி குறுக்கே நின்றது?

ஓடுதளம் அமைந்த விளையாட்டு நகர நில ஒதுக்கீட்டையும், பாக்கி கட்டாததால், 2020-ல் யமுனா விரைவுச்சாலை ஆணையம் ரத்து செய்துவிட்டது.