தேய்மானம் எழுதுவது யார்? தடுப்பது யார்?

வணிகவியல் படிக்கும் எவருக்கும் முதலாம் ஆண்டிலேயே அறிமுகமாகிவிடும் சொல் தேய்மானம். இயந்திரத்தின் விலை, அதன் ஆயுட்காலம், கடைசியில் காயலான் கடையில் கிடைக்கும் தொகை... இந்த மூன்றும் தெரிந்தால் போதும். நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு இவ்வளவு என்று எழுதிவிடலாம். 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, கட்டுமானப் பணியில் மண் அள்ளும் இயந்திரங்களுக்கு 9 வருட ஆயுள் என்று சொல்கிறது. கணக்கு முடிந்தது!

ஆனால் அந்த இயந்திரத்தின் பக்கெட் பல்லுக்குச் சட்டமும் தெரியாது, அட்டவணையும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மண்ணும் கல்லும்தான். ஏட்டில் எழுதும் தேய்மானத்துக்கும் இரும்பு நிஜமாகவே தேய்வதற்கும் தமிழில் ஒரே சொல் இருக்கிறது. ஆனால் முதலாவதை எழுதுபவருக்கும் இரண்டாவதைத் தடுப்பவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் அங்கே சுரங்கப் பணி தொடங்கியது. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் கடலூர் மணற்கல் என்ற கடினமான பாறையும் உண்டு. ராட்சதச் சக்கரத்தைச் சுற்றி வாளிகள் பொருத்திய இயந்திரங்கள்தான் அதைத் தோண்டுகின்றன. வாளிப் பற்கள் சீக்கிரம் தேய்வது அங்கே பழைய தலைவலி. அதனால்தான் பாறையை முதலில் வெடி வைத்துத் தளர்த்திக்கொண்டு பிறகு தோண்டுகிறார்கள்.

இரும்பு ஏன் மணலிடம் தோற்கிறது? மணலில் இருப்பது குவார்ட்ஸ். விக்கர்ஸ் அளவில் அதன் கடினம் சுமார் 1100. சாதாரண மைல்டு ஸ்டீல் 150-ஐ ஒட்டித்தான் வரும். கத்தி வெண்ணெயை வழிப்பது போல மணல் இரும்பை வழித்துக்கொண்டு போகிறது. இதற்கு மருந்துதான் ஹார்டுஃபேசிங் ராடு. குரோமியமும் கார்பனும் அதிகமுள்ள இந்த ராடால் மேலே ஒரு அடுக்கு வெல்டிங் வைத்தால், அதில் குரோமியம் கார்பைடு துகள்கள் உருவாகும். அவற்றின் கடினம் சுமார் 1500. இப்போது மணலுக்குத்தான் சிரமம்!

இது ஏதோ கண்ணை மூடிக்கொண்டு பூசுகிற வேலை என்று நினைத்தால் தவறு. கல் அள்ளும் பக்கெட்டா? வெல்டிங் வரிகளைக் கல் நகரும் திசையிலேயே போட வேண்டும். மணல் அள்ளுவதா? குறுக்கே போட வேண்டும். அப்போதுதான் வரிகளுக்கு நடுவே மணல் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்த மணல் தானே கவசமாகிவிடும், அடுத்து வரும் மணல் அதன் மேலே உரசிக்கொண்டு போகும். எதிரியையே காவலுக்கு வைக்கும் இந்த வித்தை எந்த மேலாண்மைப் பாடத்தில் இருக்கிறது?

பல் மாங்கனீசு எஃகாக இருந்தால் கதையே வேறு. அதைச் சூடேற விடக்கூடாது. கொஞ்சம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி கொஞ்சம் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். இதையெல்லாம் முடிவு செய்வது பட்டறையில் முகமூடி போட்டு உட்கார்ந்திருக்கும் வெல்டர்.

ராடு வாங்கும் முடிவு மட்டும் அவரிடம் இல்லை. அது கொள்முதல் மேசையில் நடக்கிறது. அங்கே கேட்கப்படும் ஒரே கேள்வி, "கிலோ என்ன விலை?"

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முதல் ராடு கிலோ 300 ரூபாய், இரண்டாவது 900. ஒரு தடவைக்கு 4 கிலோ, வெல்டர் கூலி 800. முதல் ராடு 100 மணி நேரம் தாங்குகிறது, இரண்டாவது 300 மணி நேரம். முன்னதற்கு ஒரு தடவை 2000 ரூபாய். 300 மணி நேரத்துக்கு மூன்று தடவை, ஆக 6000. பின்னதற்கு ஒரே தடவை, 4400 ரூபாய். ஒவ்வொரு தடவையும் இயந்திரம் 4 மணி நேரம் நிற்கிறது, மணிக்கு 1000 ரூபாய் வாடகை போகிறது என்றால் முன்னதற்கு இன்னும் 12,000, பின்னதற்கு 4000. மொத்தம் 18,000 எங்கே, 8400 எங்கே? "மலிவு" ராடுதான் இரண்டு மடங்குக்கு மேல் விலை!

இது கூட்டல் தெரிந்த யாருக்கும் புரியும். பிறகு ஏன் நடக்கவில்லை? ராடுச் செலவு "பழுதுபார்ப்பு மற்றும் பராமரிப்பு" என்ற தலைப்பில் விழுகிறது. செலவைக் குறை என்று மேலிருந்து உத்தரவு வந்தால் முதலில் கத்தி விழும் இடம் அதுதான். இயந்திரம் நின்ற நேரத்துக்கு ஏட்டில் தனித் தலைப்பே இல்லை. கண்ணுக்குத் தெரியும் நூறு ரூபாயைச் சேமித்து, தெரியாத ஆயிரத்தை இழக்கிறார்கள். உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் வருடத்துக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று 1966-லேயே பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் குழு அறிக்கை கொடுத்தது. அறுபது வருடம் ஆகியும் கேள்வி "கிலோ என்ன விலை?" என்பதாகவே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் ராடு தீர்வு என்பதல்ல வாதம். மிகக் கடினமான அடுக்கு பலமான அடிபட்டால் பெயர்ந்துவிடும். அடி உலோகம் வரை தேய்ந்த பல்லைக் கட்டி எழுப்புவதைவிடப் புதுப் பல் வாங்குவது லாபமாக இருக்கலாம். எதையும் மணிக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

அந்தக் கணக்கில் விட்டுப்போகும் இன்னொரு தேய்மானமும் உண்டு. குரோமியம் அதிகமுள்ள ராடு எரியும்போது வரும் புகையில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் இருக்கும். நுரையீரலுக்கு விஷம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங் புகையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் 2017-ல் சேர்த்தது. பக்கெட்டுக்குக் கவசம் போடுகிறவர் மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார் என்றால், அது மலிவான வெல்டிங் இல்லை. செலவை முதலாளியின் ஏட்டிலிருந்து அவருடைய நெஞ்சுக்கு மாற்றி எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். புகையை உறிஞ்சும் விசிறியும் சரியான சுவாசக் கவசமும் ராடு விலையோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய செலவு.

நாளைக்குக் கணக்காளராகவோ கொள்முதல் அதிகாரியாகவோ உட்காரப் போகிறவர்கள் இன்றைக்கு வணிகவியல் வகுப்பில்தான் இருக்கிறார்கள். ராடுக்கு ஆர்டர் போடும் முன் ஒரு தடவை பட்டறைக்கு நடந்து போய் அந்த வெல்டரிடம், "எது எத்தனை மணி நேரம் தாங்குது அண்ணே?" என்று கேட்டுவிட்டு வரட்டும். அவர் சொல்லும் பதில் எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது.