ஸ்லைடு இன்னும் பஸ்லதான் போகணுமா?

வேலம்பாளையத்துல பனியன் கம்பெனி வேலைக்குப் போற ஒரு அக்காவுக்கு மார்புல கட்டின்னு வெச்சுக்குங்க. பயாப்சி இங்கயே எடுத்துடலாம். இன்னொரு பேத்தாலஜி டாக்டர் பாக்கணும்னா கண்ணாடி ஸ்லைடைப் பொட்டலம் கட்டி கோயம்புத்தூருக்கு அனுப்பணும். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அவங்களுக்குத் தூக்கம் வராது.

ஸ்கேன் பண்ணி அனுப்பலாமேங்கறீங்க. அதான் டிஜிட்டல் பேத்தாலஜி. படத்தை வெச்சே நோயை முடிவு பண்ற கருவிக்கு அமெரிக்காவோட எஃப்டிஏ 2017-லயே அனுமதி கொடுத்தாச்சு.

சிக்கல் படத்தோட சைஸ். ஒரு ஸ்லைடே 1 ஜிபி வரும். 10 எம்பிபிஎஸ் அப்லோடுல அதை ஏத்த 13 நிமிஷம். தினம் 100 ஸ்லைடு வர்ற லேப்னா 22 மணி நேரம்!

இதுக்கு வழி இருக்கு. படம் லேப் சர்வர்லயே இருக்கட்டும், டாக்டர் பாக்கற துண்டு மட்டும் போனா போதும். மொபைல்ல மேப் பாத்தா ஊர் முழுக்கவா இறங்குது?

என் கவலை வேற. திசுவை 3-4 மைக்ரான் கனத்துல வெட்டணும். மடிப்பு விழுந்தாலோ தூசி ஒட்டினாலோ ஸ்கேனர் அங்க ஃபோகஸ் பிடிச்சுடும், செல் மங்கிடும். மைக்ராஸ்கோப்னா நாங்க திருகித் திருகி சமாளிச்சுடுவோம். படத்துல அது பெரும்பாலும் நடக்காது. பஞ்சு பறக்கற ஊருங்க இது. கட்டிங்ல கோணலானதை செக்கிங்ல நிமிர்த்த முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால லேப் ஓனர்களே, முதல்ல மைக்ரோடோம் பிளேடுக்கும் அதைப் பிடிக்கற டெக்னீஷியனுக்கும் செலவு பண்ணுங்க. அப்புறம் ஸ்கேனர். வந்ததும் 60 கேஸாவது கண்ணாடியிலயும் திரையிலயும், ரெண்டு வாரம் இடைவெளி விட்டுப் பாத்து ஒப்பிடுங்க. அதுவரைக்கும் ஸ்லைடு பஸ்லயே போகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல.