எம்.ஐ.ஏ.: விசா கிடைக்காத பாடகியும் எல்லை தாண்டிய பாட்டும்

அமெரிக்க இசைச் சந்தையில் 'கிராஸ் ஓவர்' என்று ஒரு சொல் உண்டு. கறுப்பின மக்களின் பாட்டுக்கு அங்கே தனிப் பட்டியல். பில்போர்டு பத்திரிகை 1949 வரை அதற்கு வைத்திருந்த பெயரே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'தான்! அந்தப் பட்டியலில் உள்ள பாட்டு பொதுப் பட்டியலிலும் ஏறினால் அது கிராஸ் ஓவர். சோல் பாடகி அரீதா ஃப்ராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' 1967ல் இரண்டிலுமே முதலிடம் பிடித்தது.

இப்படி எல்லை தாண்டியவர்களில் நம் ஆள் யாராவது உண்டா? உண்டு. எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம். அவர் சோல் பாடகி அல்ல, ராப்பையும் நடன இசையையும் கலந்து பாடுபவர். 1975ல் லண்டனில் பிறந்து, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் துரத்தியதால் அகதியாக மீண்டும் லண்டன் போனவர். 2005ல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் இயக்கப் பெயரான 'அருளர்', 2007ல் வந்த இரண்டாவதுக்கு அம்மாவின் பெயரான 'கலா'.

பி.காம். மார்க்கெட்டிங் பாடத்தில் அடிக்கடி வரும் விஷயம், சந்தைக்குத் தகுந்த மாதிரி பொருளை மாற்று என்பது. 'கலா' அதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் பதிவு செய்வதாகத்தான் திட்டம். 2006ல் விசா சிக்கலாகிவிட, சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா என்று சுற்றி ஆல்பத்தை முடித்தார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஸ்டூடியோவில் உறுமி மேளம் பதிவானது. முதல் பாட்டிலேயே 'தளபதி' படத்தில் இளையராஜா போட்ட 'காட்டுக்குயிலு' வந்து போகிறது. ஊர் வாசனையைக் கொஞ்சம்கூடக் குறைக்கவில்லை. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதைத்தான் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றது.

ஆனாலும் ஆல்பம் அமெரிக்காவில் 18வது இடத்தோடு நின்றுவிட்டது. எல்லை தாண்டியது அதிலிருந்த 'பேப்பர் ப்ளேன்ஸ்' என்ற ஒரே பாட்டு. ஆல்பம் வெளியாகி ஒரு வருடம் கழித்து, ஒரு ஹாலிவுட் காமெடிப் படத்தின் ட்ரெய்லரில் ஒலித்த பிறகு, 2008 செப்டம்பரில் பில்போர்டு பொதுப் பட்டியலில் 4வது இடம். பிறகு 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் வந்தது. கிராமி பரிந்துரையும் கிடைத்தது.

அந்தப் பாட்டு எதைப் பற்றியது? குடியேறி வருபவன் எல்லாம் போலி விசாக்காரன், திருடன் என்று பயப்படுகிறவர்களைக் கிண்டல் செய்கிற பாட்டு. விசா கிடைக்காதவர் பாடிய விசாப் பாட்டு! சந்தை மெட்டை விரும்பியது, முள்ளை விரும்பவில்லை. சில தொலைக்காட்சிகள் பாட்டில் வரும் துப்பாக்கிச் சத்தத்தை மாற்றித்தான் ஒலிபரப்பின.

சந்தையை விடுங்கள், நாம் என்ன செய்தோம்? 2009ல் ரஹ்மானோடு ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் வந்ததும், 'உலகை வென்ற தமிழச்சி' என்று பெருமைப்பட்டோம். பெருமைப்படுவது தப்பில்லை. ஆனால் நாமும் பாட்டை எடுத்துக்கொண்டு முள்ளை விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

ஒரு காகிதத்தின் மதிப்பு என்ன என்பது புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1962ல் யார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள், யார் விட்டார்கள் என்பதை வைத்தே இங்கே பல குடும்பங்களின் கதை மாறியது. இதே ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. மாயாவைத் துரத்திய அதே போர்தான் அவர்களையும் துரத்தியது. தமிழ்நாட்டு முகாம்களில், இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிலும் பலருக்கு இன்னும் இந்தியக் குடியுரிமை இல்லை. 2019ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர்கள் சேர்க்கப்படவில்லை.

லண்டன் போய்ச் சேர்ந்த அகதிப் பெண் ஜெயித்தால் 'நம்ம பொண்ணு'. பக்கத்துச் சாலையில் இருக்கும் பெண் மட்டும் 'முகாம் பொண்ணு'. இது என்ன கணக்கு?

'கலா'வை ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். உறுமி நன்றாக இருக்கும். அதோடு அந்தப் பாட்டு என்ன கேட்கிறது என்பதையும் கொஞ்சம் கேளுங்கள்.