ஒரு லட்சமும் மூன்று யந்திரங்களும்

வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி வரும் சாலையும், பழனியிலிருந்து ஏறி வரும் சாலையும் கை கோத்துக்கொள்ளும் இடம் பெருமாள்மலை. கொடைக்கானலுக்குப் போகும் பிரயாணிகளில் பெரும்பாலோர் இவ்வூரைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அப்பால் போய்விடுகிறார்கள். நாம் இறங்கினோம். இறங்கியதற்கு இயற்கைக் காட்சி காரணமல்ல. நமது ஸ்நேகிதர் ஒருவர் டெலிபோனில், "வீட்டில் யுத்தம் மூண்டிருக்கிறது, சமாதானம் செய்து வைக்க உடனே புறப்பட்டு வாருங்கள்" என்று முறையிட்டிருந்தார்.

ஸ்நேகிதருக்கு நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். ஊடே மிளகும் மலை வாழையும் உண்டு. இவ்வருஷத்துக் காப்பிப் பணத்தில் ஒரு லட்ச ரூபாயைத் தனியே எடுத்து, தம் மகளுக்கு லாப்டாப் வாங்குவதற்கென்று வைத்திருந்தார். பெண் பிளஸ் டூ தேறி, கோயம்புத்தூரில் அனிமேஷன் படிப்பில் சேரப் போகிறாள். அவள் கேட்டதோ சாதாரண லாப்டாப் அல்ல, 'கேமிங்' லாப்டாப்.

"படிக்கப் போகிறவளுக்கு விளையாட்டு யந்திரம் எதற்கு? நாளைக்கு ரம்மி ஆடிக் காப்பித் தோட்டத்தையும் தோற்றுவிட்டு வந்தால்?" என்றார் ஸ்நேகிதர், நாம் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே.

இந்தப் பயம் இவர் ஒருவருக்கு மட்டும் உள்ளதல்ல. ஆகவே இரண்டு வார்த்தை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. அதே சட்டம் 'இ-ஸ்போர்ட்ஸ்' என்ற போட்டி விளையாட்டுக்களை விளையாட்டாக அங்கீகரித்தது. மேலும், சூதாடுவதற்கு லட்ச ரூபாய் யந்திரம் தேவையே இல்லை. ஐயாயிரம் ரூபாய் செல்போன் போதும். கேமிங் லாப்டாப்பின் விசேஷம் அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ் சிப்பில் இருக்கிறது. விளையாட்டில் மலையையும் மழையையும் கணத்துக்குக் கணம் வரைந்து காட்டுவது எந்தச் சிப்போ, அதே சிப்புதான் அனிமேஷன் மாணவி தன் சித்திரங்களை உருவாக்கும்போதும் உழைக்கிறது. பெண் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறாள். ஆட்டம் ஆடுவது மட்டுமல்ல, ஆட்டம் செய்யவும் வேண்டும் என்பது அவள் ஆசை.

முதல் சண்டை இவ்வாறு தீர்ந்தது. இரண்டாவது சண்டைக்கு ஒரு காகிதம் சாட்சியாக வந்தது. அதில் பெண் தன் கையால் மூன்று யந்திரங்களை எழுதி வைத்திருந்தாள். இந்த யந்திரங்களின் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். டஃப், நைட்ரோ, விக்டஸ், லீஜன், பிரிடேட்டர் என்று, சந்தையில் உள்ள பெயர்களைக் கேட்டாலே யாரோ படை திரட்டிக்கொண்டு வருவதுபோல் தோன்றுகிறது. அப்பெயர்களை விட்டு விஷயத்தை மட்டும் சொல்லுகிறோம்.

முதலாவது, மெலிந்த, பார்வைக்கு லட்சணமான யந்திரம். என்விடியா கம்பெனியின் ஆர்.டி.எக்ஸ். 4060 சிப்பு, அதற்கென்று 8 ஜி.பி. நினைவகம்; விலை ரூ. 98,000. இரண்டாவது, தடித்த யந்திரம். ஆர்.டி.எக்ஸ். 4050 சிப்பு, 6 ஜி.பி. நினைவகம்; விலை ரூ. 84,000. மூன்றாவது, புதிய ஆர்.டி.எக்ஸ். 5060 சிப்பு கொண்டது, 8 ஜி.பி.; விலை ரூ. 1,18,000. எல்லாம் 18 சதவிகித ஜி.எஸ்.டி. உட்பட.

பெண்ணின் மனம் மூன்றாவதில் இருந்தது. தாயார் மெதுவாக, "பதினெட்டாயிரந்தானே? என் வளையலை வைத்தால் வந்துவிட்டுப் போகிறது" என்றாள். தகப்பனார் பேசாமல் இருந்தார். நாம் மூன்றாவதை அந்த இடத்திலேயே பென்சிலால் அடித்துவிட்டோம். லட்சம் என்றால் லட்சம். இந்த வியாபாரத்தில் பதினெட்டாயிரத்துக்கு அப்பால் இன்னொரு பதினெட்டாயிரம் எப்போதும் காத்துக்கொண்டிருக்கிறது. 5060-க்கு அப்பால் 5070, அதற்கு அப்பால் 5080 என்று. வளையல் போகும், ஏணி முடியாது. பெண்ணின் முகம் வாடியது வாஸ்தவம். ஆனால் அவள் மறுத்துப் பேசவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

எஞ்சியவை இரண்டு. "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மாமா? 4060 என்பது 4050-ஐவிடப் பெரியது. பணமும் லட்சத்துக்குள் அடங்குகிறது" என்றாள் பெண். கடைக்காரரும் அப்படியேதான் சொன்னாராம்.

இங்கேதான் நேயர்கள் சற்று நிதானிக்க வேண்டும். சிப்பின் பெயர் ஒன்று. அதற்கு யந்திரத்தில் ஊட்டப்படும் மின்சாரம் வேறொன்று. 2023-ல் வெளிவந்த லாப்டாப் 4060 சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம் என்று என்விடியாவே வகுத்திருக்கிறது. 4050-க்கும் அதே 35 முதல் 115 வரைதான். மெலிந்த பெட்டியில் உஷ்ணம் வெளியேற இடம் இல்லை. ஆகையால் அதைச் செய்த கம்பெனி வாட்டைக் குறைத்து வைக்கிறது. தடித்த பெட்டிக்கு அந்தக் கவலை குறைவு. ஆனால் இரண்டு பெட்டியின் மேலும் ஒட்டியிருக்கும் சீட்டில் சிப்பின் பெயர் மட்டுமே பளபளக்கிறது. ஒரு காலத்தில் குறைந்த வாட்டில் ஓடும் சிப்புக்கு 'மாக்ஸ்-க்யூ' என்ற அடைமொழி சேர்த்து விற்றார்கள். 2017-ல் வந்த அந்த அடைமொழி 2021-ல் சிப்புகளின் பெயரிலிருந்து மறைந்தது. அன்றுமுதல், பெயரை மட்டும் படித்து வாங்குகிறவர் பாடு திண்டாட்டந்தான்.

இதை ஸ்நேகிதருக்கு எப்படிச் சொல்வது என்று நாம் விழித்துக்கொண்டிருக்கையில், அவரே சொல்லிவிட்டார்: "அட, இது காப்பி சமாசாரம்தானே! பார்ச்மென்ட் என்று எல்லோரும்தான் மூட்டை கட்டிக் கொண்டுபோகிறோம். வியாபாரி மூட்டைமேல் எழுதியிருப்பதையா பார்க்கிறான்? ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுத்தானே விலை பேசுகிறான்?" இதற்குமேல் நாம் சொல்ல ஒன்றும் இல்லை. வாட்தான் அந்த ஈரக் கருவி.

பெண் உடனே டெலிபோனில் கம்பெனிகளின் விவரப் பக்கங்களைத் தேடினாள். தடித்த யந்திரத்துக்கு 105 வாட் என்று தெளிவாகப் போட்டிருந்தது. மெலிந்ததற்குப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில், 65 வாட் என்று கண்டுபிடித்தாள். கடைக்காரரைக் கேட்டபோது அவர், "வாட்டா? சார்ஜரைக் கேட்கிறீர்களா?" என்றாராம்.

ஆனாலும் விவகாரம் அத்துடன் முடியவில்லை. 4060-இல் 8 ஜி.பி. நினைவகம், 4050-இல் 6 தான். விளையாடுவதற்கு மட்டும் என்றால், 6 ஜி.பி.யில் சில புதிய ஆட்டங்களின் படத் தரத்தை ஒரு படி குறைத்துக்கொண்டால் போதும். அனிமேஷன் வேலை அப்படியல்ல. காட்சி அந்த நினைவகத்தில் கொள்ளாமற்போனால், வேலை நத்தை வேகத்துக்கு இறங்கிவிடும். சில சமயம் நின்றே போகும். இது பிற்பாடு சேர்த்துக்கொள்ளக் கூடிய பொருளும் அல்ல. வாங்கிய அன்று உள்ளதுதான் கடைசிவரைக்கும். ஆகவே, வேகமா, இடமா? இதற்கு நம்மிடம் பதில் இல்லை. பதில் அந்தப் பெண் செய்யும் வேலையில் இருந்தது. அவள் ஏற்கெனவே பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டரில் 'ப்ளெண்டர்' என்ற மென்பொருளைக் கொண்டு, பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தையும் அதன்மேல் இறங்கும் மூடுபனியையும் ஒரு காட்சியாகச் செய்து வைத்திருந்தாள். ப்ளெண்டர் இலவசம், யந்திரத்தில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டவும் முடியும். "அந்தக் காட்சியை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போ. இரண்டு யந்திரத்திலும் அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதே" என்றோம்.

மறுநாள் தகப்பனாரும் மகளும் முதல் பஸ்ஸில் மதுரைக்கு இறங்கினார்கள். நாமும் கூடப் போனோம். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார்; பணம் ரொக்கமாக வந்திருக்கிறது என்று தெரிந்ததும் நாற்காலி போட்டார். மெலிந்த யந்திரம் ஆரம்பத்தில் முந்திக்கொண்டுதான் ஓடிற்று. பத்து நிமிஷம் கழித்து விசிறி இரைய, வேகம் சிறிது சிறிதாகத் தளர்ந்தது. தடித்த யந்திரமும் இரைந்தது; ஆனால் தளரவில்லை. அரைமணி முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றன. காட்சி எடுத்துக்கொண்ட நினைவகம் 5 ஜி.பி.க்கு உட்பட்டே இருந்தது. ஆக, பதினாலாயிரம் அதிகம் கொடுத்தால் கிடைப்பது வேகம் அல்ல. வருங்காலத்துக்கு வேண்டியிருக்கக்கூடிய 2 ஜி.பி.யும், மெல்லிய உடலும்.

வேறு இரண்டு சங்கதிகளும் கடையில்தான் வெளிப்பட்டன. மெலிந்ததில் பொது நினைவகமான ராம் பலகையோடு பற்ற வைக்கப்பட்டிருந்தது. பின்னால் கூட்ட முடியாது. தடித்ததில் கூட்டலாம். ஆனால் இப்போது கூட்டுவதற்கு ராம் வாங்கப் போனால் விலை மூச்சை அடைக்கிறது. செயற்கை அறிவுக்கான பெரும் கணினிக் கூடங்கள் உலகத்து நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ஏறத் தொடங்கிய விலை அது. 16 ஜி.பி.யோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்வதென்று தீர்மானமாயிற்று.

மற்றொன்று, உத்தரவாதம். வீட்டுக்கே வந்து பழுது பார்ப்போம் என்று இரண்டு கம்பெனிகளும் அச்சிட்டிருந்தன. பெண் கெட்டிக்காரி, பெருமாள்மலையின் பின்கோடு எண்ணைச் சொல்லிக் கேட்டாள். ஒரு கம்பெனியின் வீட்டுச் சேவை மலை அடிவாரத்தோடு நின்றுவிடுகிறதாம்! பெயர் வேண்டாம். மற்றொன்று, மேலே வர இரண்டு நாள் ஆகும், ஆனால் வருவோம் என்றது. வருவோம் என்றது தடித்த யந்திரத்தின் கம்பெனி.

வாங்கியாயிற்று. மூன்று வருஷத்துக்கு உத்தரவாதத்தை நீட்டியதுபோக மீதிப் பணத்தை ஸ்நேகிதர் மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு, மூன்று வருஷத்தில் அந்த 6 ஜி.பி. போதாமல் போகலாம். அப்போது பெண் நம்மைத் திட்டினால் அதற்கு நாம் பாத்தியப்பட்டவர்களே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு ஒரு சந்தேகம்: மலைக் குளிருக்கு யந்திரம் நன்றாகத்தானே ஓடும்? பாதி சரி. உள்ளே இழுக்கும் காற்று மதுரையைவிடக் குளிர்ந்திருப்பது பெரிய அனுகூலம். ஆனால் கொடைக்கானல் நகரம் இருக்கும் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. மெலிந்த காற்று உஷ்ணத்தைக் குறைவாகவே ஏந்திப் போகும். பெருமாள்மலை அதைவிடத் தாழ்வு. நஷ்டமும் அதற்குத் தக்கபடி குறைவு. லாபமும் நஷ்டமும் ஏறக்குறைய சரிக்குச் சரி. பயப்பட வேண்டியது மூடுபனிக்கு. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மேகத்தை உள்ளே கூப்பிட்டால், காப்பிக்கு ஆவதுதான் யந்திரத்துக்கும் ஆகும்.

அன்றிரவு பெண் யந்திரத்தில் ஓர் ஆட்டத்தை ஏற்றினாள். குதிரைமேல் ஒருவன் பனிமலையில் போய்க்கொண்டிருந்தான். ஸ்நேகிதர் பத்திரிகை படிக்கிற பாவனையில் பின்னால் உட்கார்ந்திருந்தார். திடீரென்று மின்சாரம் போயிற்று. எங்கேயோ மரம் கம்பியில் சாய்ந்திருக்கும். யந்திரம் அணையவில்லை. ஆனால் குதிரை தள்ளாடித் தள்ளாடி நடந்தது. பாட்டரியால் முழு வாட் கொடுக்க முடியாது. கொடுத்தாலும், 60 வாட்-மணி பாட்டரி 150 வாட் செலவுக்கு இருபத்துநாலு நிமிஷந்தான் தாங்கும். பெண் மூடி வைக்கப் போனாள்.

"இரு, இரு" என்றார் ஸ்நேகிதர் இருட்டில். "அவன் அந்தப் பாலத்தைத் தாண்டிவிட்டானா என்று பார்த்துவிட்டு மூடு."