தள்ளிட்டுப் போனா கணக்குல வராதாமே!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஒட்டடை அடிச்சுட்டுத்தான் உள்ள வர வேண்டியிருந்துச்சு. காரணம் இருக்கு மக்களே. போன பிப்ரவரியில கோயமுத்தூர்லருந்து கோத்தகிரி வழியா ஊட்டிக்கு சைக்கிள்ல போய்ச் சேர்ந்துட்டேன். வயசு 44, எடை 80 கிலோ, சர்க்கரை "பார்டர்ல இருக்குங்க" ரகம். இருந்தும் போயாச்சு.

போட்டோவைப் பார்த்த நண்பர் கேட்ட முதல் கேள்வி, "எங்கயாச்சும் இறங்கித் தள்ளினியா?"

உண்மையைச் சொன்னேன். "ரெண்டு எடத்துல."

"அப்ப கணக்குல வராது மாப்ள!"

பட்டுனு தீர்ப்பு சொல்லிட்டு அவர் பாட்டுக்கு டீ குடிக்கப் போயிட்டார். எனக்குத்தான் ரெண்டு நாளாத் தூக்கம் வரலை. கோவம் அவர் மேல இல்லைங்க. அதுக்கு முந்தின வருசம் வரைக்கும் நானும் அதே கட்சிதான். அந்தக் கட்சியில இருந்ததுக்கு நான் கொடுத்த சந்தா, ஒரு முழங்கால்.

முந்தின வருசக் கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். பயிற்சின்னு பெருசா ஒண்ணும் இல்லை. ஞாயித்துக்கிழமை நாலு ரவுண்டு, அப்புறம் இட்லி வடை. "கால் கீழ வைக்காம கோத்தகிரி"ன்னு சபதம் வேற. மேட்டுப்பாளையம் தாண்டி கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் ஏறியிருப்பேன். முழங்கால்ல ஊசி குத்துற மாதிரி வலி. அப்பவே இறங்கியிருந்தா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிருக்கும். மொபட்ல போன ஒரு பொண்ணு திரும்பிப் பார்த்துட்டுப் போச்சு... இறங்குவேனா? பல்லைக் கடிச்சுட்டு மிதிச்சேன். அடுத்த வளைவுல கால் மடங்கலை, நீட்டவும் முடியலை. காய்கறி இறக்கிட்டுத் திரும்புன மினி லாரியில, காலி சாக்குகளுக்கு நடுவுல நானும் சைக்கிளும் ஊர் வந்து சேர்ந்தோம். மூணு மாசம் மாடிப்படி ஏற முடியலை. இதுக்குப் பேர் வீரமாம். அவ்வ்வ்...

படுத்துக் கிடந்தப்பத்தான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துலருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,790. நடுவுல 33 கிலோமீட்டர் ரோடு. நானும் சைக்கிளும் பையுமா 95 கிலோ. இத்தனையும் மேல தூக்க நாலு மணி நேரம் எடுத்துக்கிட்டா, தொடர்ந்து 100 வாட் போல சக்தி வேணும். பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியற அளவு. அதையே ரெண்டு மணி நேரத்துல முடிக்கணும்னா ரெண்டு பல்பு. என் உடம்புல ரெண்டாவது பல்பு கிடையாது, அவ்வளவுதான் விசயம்! மொத்தக் கடன் என்னமோ ஒண்ணுதான். மலை ரொம்ப நல்ல கடன்காரன், தவணையில கட்டினாலும் வட்டி கேக்காது. அவசரப்பட்டு மொத்தமாக் கட்டப் போனா முழங்காலை ஜப்தி பண்ணிடும்.

அதனால முதல் வேலையா பின்னாடி பல்சக்கரத்தை மாத்தினேன். பெரிய பல்சக்கரத்துல 28 பல் இருந்துச்சு, 34 பல் போட்டேன். முன்னாடி சின்னது 28. இப்ப பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்துக்கும் கம்மியாத்தான் போகும். நிமிசத்துக்கு 60 சுத்துன்னா மணிக்கு ஆறு கிலோமீட்டர். வேகமா நடக்கறவர் முந்திருவார். முந்தட்டுமே.

ரெண்டாவது பயிற்சி. கோயமுத்தூர் ஊருக்குள்ள ஏத்தம்னு சொல்லிக்க மேம்பாலம் மட்டும்தான். ஆனா நமக்கு பாலக்காட்டுக் கணவாய் இருக்குங்களே! ஜூன், ஜூலையில வாளையார் பக்கமா மிதிச்சுப் பாருங்க. எதிர்காத்து நெஞ்சுல கை வெச்சுத் தள்ளும். சமதளத்துலயே மலை ஏறுன மாதிரி இருக்கும். இந்தக் காத்துக்கு இறக்கமும் கிடையாது, ஓய்வும் கிடையாது. வாரத்துல ரெண்டு நாள் விடிகாலையில ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை நீளமா ஒண்ணு. மழை விட்டப்புறம் தடாகம் வழியா ஆனைகட்டி, போக மட்டும் சுமார் 30 கிலோமீட்டர். இந்த எட்டு மாசத்துல கஷ்டம் மிதிக்கறது இல்லைங்க, நாலரை மணிக்கு போர்வையை விலக்கறது. அதுக்கு எந்தக் கடையிலயும் கியர் விக்கலை.

பிப்ரவரி ஞாயித்துக்கிழமை. நாலு மணிக்குக் கிளம்பி ஆறரைக்கு மேட்டுப்பாளையம். வெளிச்சம் வந்தப்புறம்தான் மலை ரோட்டுல ஏறினேன். யானை நடமாடுற ரோடு, இருட்டுல வேண்டாம். முக்கால் மணிக்கு ஒரு தரம் நிறுத்தி தண்ணி, கடலைமிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சை. (நீலகிரியில ஒருதடவை உபயோகிக்கற பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. சொந்த பாட்டில் அவசியம்.) குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவுல முழங்கால் பழைய ஞாபகத்துல லேசா முணுமுணுத்துச்சு. இறங்கிட்டேன். 300 மீட்டர் தள்ளினேன். ஒரு பஸ் முழுக்க ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துச்சு. பாருங்க சாமி, நல்லாப் பாருங்க. வலி நின்னுச்சு, திரும்ப ஏறிட்டேன்.

பதினொரு மணிக்கு கோத்தகிரி. போன வருசம் பார்க்காம விட்ட ஊர். டீக்கடை பெஞ்சுல உக்காந்தப்ப கண்ணு கலங்குனது நெசம். (குளிர் காத்துன்னு கடைக்காரர்கிட்ட சொல்லி வெச்சேன்.) அங்கிருந்து ஊட்டி இன்னும் 30 கிலோமீட்டர் கிட்ட. கட்டபெட்டு தாண்டி ஏத்தம் ஏத்தமா வந்து, தொட்டபெட்டா ஜங்ஷனுக்குக் கொஞ்சம் முன்னாடி ரெண்டாவது தடவை தள்ளினேன். அப்புறம் ஒரே இறக்கம். நாலு மணிக்கு ஊட்டி.

இப்ப நண்பரோட கணக்குக்கு வர்றேன். டூர் டி பிரான்ஸ் போட்டியில பைரனீஸ் மலைத்தொடரோட பெரிய கணவாய்களை முதல் முறையா சேர்த்தது 1910ல. 2,115 மீட்டர் உயரத்துல இருக்கிற டூர்மலே கணவாயும் அதுல உண்டு. அப்ப மண் ரோடு, கனமான சைக்கிள். இன்னிக்கு இருக்கற கியர் மாத்தற சமாச்சாரத்தை அந்தப் போட்டியில அனுமதிச்சதே 1937லதான். அன்னிக்கு டூர்மலேயில கிட்டத்தட்ட எல்லாருமே இறங்கித் தள்ளியிருக்காங்க. இறங்காம ஏறுனவர்னு குஸ்தாவ் கரிகு பேரைத்தான் சொல்றாங்க. ஆனா அந்த வருசம் டூர் ஜெயிச்சது யாரு தெரியுமா? ஒக்தாவ் லப்பீஸ். அவர் டூர்மலேயில சைக்கிளைத் தள்ளிட்டு நடக்கற போட்டோ இன்னிக்கும் பிரபலம். அவருக்கே கணக்குல வந்திருக்கு. நமக்கு வராதாமா?

கரிகு கெட்டிக்காரர்தான், இல்லைன்னு சொல்லலை. முடிஞ்சவங்க கால் வைக்காம ஏறட்டும், எழுந்து நின்னு கைதட்டுவேன். என் வருத்தம் வேற. இந்த "கணக்குல வராது" ஒருத்தரையும் வேகமா ஏற வைக்கறதில்லை. நாப்பது தாண்டின பல பேரைக் கிளம்பவே விடாம பண்ணுது. "என்னால முழுசா முடியாது, எதுக்கு வம்பு"ன்னு சைக்கிள் மாடிப்படிக்குக் கீழ துருப்பிடிச்சுக் கிடக்குது. மீறிக் கிளம்பற என்னை மாதிரி ஆளுங்க முழங்காலை உடைச்சுட்டு வர்றாங்க. கால் கீழ வைக்கறது தோல்வி இல்லைங்க. அதுவும் ஒரு கியர். எல்லாத்துலயும் சின்ன கியர்.

எங்கப்பா மில்லுல வேலை பார்த்தவர். முப்பது வருசம் ஒரே சைக்கிள், கியரெல்லாம் கிடையாது. கேரியர்ல அரிசி மூட்டை, முன்னாடி பாருல நான். பாலம் வந்தா ஒரு வார்த்தை பேசாம இறங்கித் தள்ளுவார், இறக்கத்துல ஏறிக்குவார். அதை யாரும் கணக்குப் பார்த்து நான் கேட்டதில்லை. அரிசி வீட்டுக்கு வந்துச்சா, அவ்வளவுதான்.

ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவருக்குத்தான் முதல்ல போன் போட்டேன். ரெண்டு எடத்துல தள்ளினதையும் சொன்னேன்.

"அட, தள்ளாம? அதுக்குத்தானடா ஹேண்டில்பார் வெச்சிருக்கான்"ன்னாரு.

டிஸ்கி: திரும்பி வர்றப்ப விடாம பிரேக் பிடிச்சு ரெண்டு கையும் மரத்துப்போச்சு. ஏறத்தான் எட்டு மாசம் பயிற்சி, இறங்க ஒரு நாள் கூட இல்லை. நடுநடுவுல நிறுத்தி, சக்கர விளிம்பு சூடு ஆற விட்டு வந்தேன். அது தனிப் பதிவு போடற அளவுக்குச் சோகம் :-)