நட்டு ஏறினா போதுமா?

செகண்ட் இயர் லேத் லேப்ல எம்16 த்ரெட் போட்டது ஞாபகம் இருக்கா? கடைசியில் ஒரு நட்டை மாட்டிப் பார்த்தோம், ஏறுச்சு. ரெக்கார்ட்ல கையெழுத்தும் விழுந்தது. அந்த நட்டு நமக்கு என்னதான் சொன்னது?

"உன் த்ரெட் ரொம்பத் தடிமனா இல்லை" என்பதை மட்டும்தான். எவ்வளவு ஒல்லின்னு அது சொல்லவே சொல்லாது. பிட்ச் 2 மி.மீ. உள்ள எம்16-க்கு, 6ஜி டாலரன்ஸில் பிட்ச் டயாமீட்டர் 14.663-க்கும் 14.503-க்கும் நடுவில் இருக்கணும். அதைவிடக் கீழே போனாலும் நட்டு ஜாலியா ஏறும், கொஞ்சம் ஆடும். போன மாசம் என் பழைய ஜாபைத் தேடி எடுத்து அளந்தேன். 14.38! ரிஜெக்ட் ஆகவேண்டிய அந்த ஜாபுக்கு அன்னைக்கு ஒரு மார்க் கூடக் குறையலை.

அளப்பது பெரிய வித்தை இல்லை. 1.155 மி.மீ. கம்பி மூணு போதும். பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தில் ரெண்டு, எதிர்ப்பக்கம் ஒண்ணு வச்சு, மேலே மைக்ரோமீட்டரால் பிடிக்கணும். ரீடிங்கில் கம்பி விட்டத்தை மூணு தடவை கழிச்சு, பிட்ச்சை 0.866-ஆல் பெருக்கிக் கூட்டினா விடை வந்துடும். அதாவது ரீடிங் 16.236-லிருந்து 16.396-க்குள் இருந்தா பாஸ். கம்பி நழுவாம இருக்க கொஞ்சம் கிரீஸ் தடவுங்க. இல்லன்னா மூணாவது கை வேணும், அதுக்குத்தான் லேப் பார்ட்னர்.

கொடுமை என்னன்னா, இதெல்லாம் நமக்குத் தெரியாததும் இல்லை. மெட்ராலஜி லேப்ல ஃப்ளோட்டிங் கேரேஜ் மைக்ரோமீட்டர் வச்சு செஞ்சிருக்கோம். ஆனா நாம அளந்தது கடையில் வாங்கின போல்ட். வருஷா வருஷம் அதே போல்ட்தான், அதனால ரீடிங் சீனியர் ரெக்கார்டிலேயே இருக்கும். அதைப் பார்த்து எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன்.

அவனவன் வெட்டின த்ரெட்டை அவனவனே அளந்தா காப்பி அடிக்க வழியே இல்லை. அளவு தப்பா வந்தா ஏன்னு தேடணும். டூல் 60 டிகிரிக்குத் தீட்டலையா, சென்டர் கேஜ் வச்சு நேரா செட் பண்ணலையா, இல்ல என்னை மாதிரி கடைசியில் ரெண்டு கட் கூடக் கொடுத்துட்டீங்களா? அந்தத் தேடலுக்கு மார்க் போடட்டுமே.

"அறுபது பேருக்கு டைம் எங்கப்பா?" என்பாங்க. ஒரு ஜாபுக்கு அஞ்சு நிமிஷம். லேத்துக்காக வரிசையில் நின்னு ரீல்ஸ் பார்க்கிற நேரத்திலேயே முடிஞ்சுடும்.

ஜூனியர்ஸ், இந்த செமஸ்டர் உங்க ஜாபை ஸ்கிராப் டப்பாவில் போடாதீங்க. ரோல் நம்பரை பஞ்ச் பண்ணி வச்சுக்கோங்க. மெட்ராலஜி லேப் வந்ததும், "சார், இதை அளக்கட்டுமா?"ன்னு கேளுங்க.